கூடிப் பேசும் பெண்களுக்குப் பதில் சொல்வது யார்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் திருபுவனை, மதகடிப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து எல்லைக்கோடு வயலுக்கும் வயலுக்கும் நடுவே இப்படித்தான் வளைந்து நெளிந்து கிடக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழும் பெண்களுக்குப் பேச்சு ஒன்று, சந்தை ஒன்று. கொள்வினை கொடுப்பினையும் உண்டு. ஆனால், ஊர்க் காரியத்தில் அவர்களுக்கு இருக்கும் உரிமை மட்டும் வேறு வேறு. கண்டமங்கலம் ஒன்றியத்துப் பெண்கள் 2021 அக்டோபரில் தங்கள் ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். தெருவிளக்கு எரியாவிட்டாலும் கணக்கில் பிசகு இருந்தாலும் அங்கே எழுந்து நின்று கேட்கலாம். அரியூர்ப் பெண்ணுக்கு ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பு கடைசியாகக் கிடைத்தது 2006இல்.

புதுச்சேரியில் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் வர 38 ஆண்டுகள் ஆயின. 2006இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. தேர்தலை நடத்தி முடிக்கும்படி 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021இல் வெளியான தேர்தல் அறிவிப்பு, இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. பதவிக்காலம் முடிந்த நாளிலிருந்து வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட கொம்யூன் பஞ்சாயத்துகள் என்ற உள்ளாட்சி அமைப்புகளின் நிர்வாகம் ஆணையர்களின் கையில் இருக்கிறது. அதிகாரிகள் அவ்வப்போது மக்களைக் கூட்டிப் பேசுவது உண்டு. ஆனால், அந்தக் கூட்டங்களில் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட, மக்களால் மாற்றப்படக்கூடிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதில்லை.

இந்த வெறுமைக்கு நடுவில் ஒரு கூட்டம் மட்டும் விடாமல் நடக்கிறது. அது மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டம். பத்து முதல் இருபது பெண்கள், குறித்த நாளில், குறித்த இடத்தில் உட்கார்ந்து, பணத்தை எண்ணி, கடனைத் தீர்மானித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கலைகிறார்கள். குழுக்களைப் பற்றி அரசும் வங்கியும் பேசும்போது எத்தனை குழு, எத்தனை கோடி கடன், எத்தனை சதவீதம் வசூல் என்ற கணக்கே முன்னால் வருகிறது. குழுவின் உயிர் அதன் கூட்டத்தில் இருக்கிறது. கடன் அந்தக் கூட்டத்தால் கிடைக்கும் பயன்களில் ஒன்று. கிராமப்புறப் புதுச்சேரியில் ஊர் மக்கள் கூடி, விவாதித்து, முடிவெடுத்து, அதை எழுத்தில் வைக்கும் கடைசி இடமாக இந்தக் கூட்டம் மிஞ்சியிருக்கிறது. எனவே அதைக் காக்க வேண்டும். அங்கே எடுக்கப்படும் தீர்மானத்துக்கு நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பாயில் நடக்கும் நிர்வாகம்

ஒரு குழுக் கூட்டத்தின் நடைமுறையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கோயில் மண்டபமோ, அங்கன்வாடியோ, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையோ, பாய் விரித்தால் அதுதான் அலுவலகம். முதலில் வருகைப் பதிவு. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதப்படுகிறது. அடுத்து, போன கூட்டத்தின் தீர்மானம் வாசிக்கப்படுகிறது. பிறகு, ஒவ்வொருவரும் சேமிப்புப் பணத்தையும் கடன் தவணையையும் எல்லோர் கண்ணெதிரிலும் வைக்கிறார்கள். ஒருவர் எண்ணுகிறார், இன்னொருவர் தொகையை வாய்விட்டுச் சொல்கிறார், மூன்றாமவர் ரொக்கப் பதிவேட்டிலும் உறுப்பினரின் பாஸ்புக்கிலும் பதிகிறார். அதன் பிறகுதான் கடன் பேச்சு. கையிருப்பு 18,000 ரூபாய். கேட்பு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம், ஒருவருக்குக் கறவை மாடு, ஒருவருக்குக் கணவரின் மருத்துவச் செலவு. யாருக்கு முதலில், எவ்வளவு, எத்தனை தவணை? போன முறை வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினாரா? காத்திருக்கப்போகிறவருக்கு அடுத்த மாதம் உறுதியா? பேசி முடித்து, தீர்மானத்தை எழுதி, எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள்.

இதில் என்ன நடந்திருக்கிறது என்று யோசித்தால், நல்ல ஊராட்சியிடம் நாம் எதிர்பார்ப்பது அத்தனையும் நடந்திருக்கிறது. பொதுப்பணம் எல்லோர் முன்னிலையிலும் எண்ணப்பட்டது. பற்றாக்குறையான வளம், தேவையின் அவசரத்தைப் பார்த்துப் பங்கிடப்பட்டது. கிடைக்காதவருக்குக் காரணம் சொல்லப்பட்டது. முடிவு எழுத்தில் ஏறியது. அடுத்த கூட்டத்தில் அது வாசிக்கப்படும், கேள்விக்கும் உள்ளாகும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011இல் தொடங்கியபோது குழுக்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தது: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், அன்றன்று முடித்த கணக்கு. ஐந்தில் முதலாவதாகக் கூட்டம் வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அது நின்றால் மற்ற நான்கும் ஒன்றன் பின் ஒன்றாகச் சரியும்.

தொகையும் சிறிதல்ல. பன்னிரண்டு பெண்கள் வாரம் நூறு ரூபாய் சேமித்தால் ஆண்டுக்கு 62,400 ரூபாய். வெளியே வட்டிக்கு விடுபவரிடம் பத்தாயிரம் ரூபாயை ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 500 ரூபாய் அவரிடம் போகும், திரும்பி வராது. குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 100 ரூபாய். அதுவும் குழுவின் பெட்டிக்கே வந்து, அடுத்தவருக்குக் கடனாகிறது. தேசிய வங்கியான நபார்டு 1992இல் வெறும் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு, இன்று அடமானம் இல்லாமல் ஒரு குழுவுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கடன் தரலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. நிலப் பத்திரமும் நகையும் இல்லாத பெண்களை நம்பி வங்கி பணம் கொடுக்கிறது என்றால், அதற்கு ஈடாக நிற்பது தவறாமல் நடந்த கூட்டங்களின் பதிவேடுதான்.

கூடுவதால் கிடைப்பது என்ன?

கூட்டமே முக்கியம் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. அளந்து பார்க்கப்பட்ட உண்மை. கொல்கத்தாவைச் சுற்றிய பகுதிகளில் சிறுகடன் வாங்கிய பெண்களின் குழுக்களை வைத்து பெஞ்சமின் ஃபெய்கன்பெர்க், எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2013இல் வெளியானது. சில குழுக்கள் வாரம் ஒருமுறை கூட வேண்டும், மற்றவை மாதம் ஒருமுறை கூடினால் போதும் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். முதல் கடன் முடிந்து வெகுநாள் ஆன பிறகும், வாரந்தோறும் கூடியவர்களுக்குள் போக்குவரத்தும் கொடுக்கல் வாங்கலும் கூடுதலாக இருந்தன. அடுத்த கடனைக் கட்டத் தவறும் வாய்ப்பு அவர்களிடம் பல மடங்கு குறைவாக இருந்தது. ஒருவர் கஷ்டத்தில் இன்னொருவர் தோள் கொடுக்கும் பழக்கம் கூடக் கூட வளர்கிறது; அந்தப் பழக்கமே கடனுக்கும் காப்பாகிறது.

இரண்டாவது சான்று, பணத்தைத் தாண்டியது. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஆய்வு செய்த அரசியலறிஞர் சொலேடாட் பிரில்லாமன், சுயஉதவிக் குழுவில் சேர்ந்த பெண்கள் கிராம சபைக்குப் போவது, அதிகாரியிடம் கோரிக்கை வைப்பது போன்ற பொதுக் காரியங்களில் ஈடுபடுவது ஏறத்தாழ இரட்டிப்பானதைக் கண்டறிந்தார். வீட்டுக்குள் ஒருத்தியாக இருந்தபோது வராத துணிவு, பத்துப் பேராகப் பழகிய பிறகு வந்தது. இதற்கு நம் பக்கத்திலேயே பழைய சாட்சிகள் உண்டு. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில், எழுத்தறிவு வகுப்புக்காகக் கூடிய பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீப்பொறி பரவி, 1993 அக்டோபரில் மாநில அரசு சாராயத்தைத் தடைசெய்யும் அளவுக்குப் போனது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துக்காகக் கூடிய பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகி, கல்குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கூடச் சொன்ன காரணம் ஒன்று; கூடியவர்கள் கண்டுகொண்ட தேவை வேறொன்று. எல்லாக் கூட்டத்துக்கும் இந்த இயல்பு உண்டு.

புதுச்சேரிக் கிராமங்களுக்கும் இதில் சொந்த வரலாறு இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வில்லியனூரைச் சுற்றிய பிள்ளையார்குப்பம், சிவராந்தகம், கீழூர் ஆகிய ஊர்களில் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, காளான் வளர்ப்பு, கறவை மாடு போன்ற தொழில்களைப் பெண்கள் குழுக்களாகச் செய்தார்கள். 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து அதே நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மீனவர்களுக்கு அலையின் உயரத்தைச் சொன்ன வீராம்பட்டினம் மையம் உலகப் புகழ் பெற்றது. அதைவிட ஆழமான மாற்றம் ஏம்பலத்தில் நடந்தது. அங்கே கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் கணினி வைக்கப்பட்டு, மையத்தை உள்ளூர்ப் பெண்கள் நடத்தினார்கள். சாதி, பால் வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மையம் அமைப்பதற்கான நிபந்தனை. இணையம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், விதை விலையையும் அரசுத் திட்டத்தையும் தெரிந்துகொள்ள ஊர் மக்கள் பெண்கள் நடத்திய ஓர் இடத்துக்கு வந்தார்கள். பொது இடம் கிடைத்தால் பெண்கள் அதை ஊர் முழுமைக்கும் பயன்படும்படி நடத்துவார்கள் என்பதற்கு ஏம்பலம் போதுமான சான்று.

கேட்கும் காது இல்லாத கோரிக்கை

இப்படிக் கூடிப் பழகிய பெண்கள் ஒரு தீர்மானம் போடுகிறார்கள். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது, சரிசெய்ய வேண்டும் என்று. அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? குழுக்கள் ஒன்றுசேர்ந்து கிராம வறுமை குறைப்புத் திட்டம் தயாரித்து, அதைக் கிராம சபையில் வைத்து, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட நடைமுறை. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டமும் சமூகத் தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடம்தான் கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு பாதியில் அறுந்து நிற்கிறது. பெண்களின் பக்கத்தில் கூட்டம் உண்டு, தீர்மானம் உண்டு, பதிவேடு உண்டு. எதிர்ப் பக்கத்தில் அதை வாங்கிக்கொண்டு பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. மிஞ்சுவது சட்டமன்ற உறுப்பினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் ஆயிரம் ஆண்களுக்கு 1,037 பெண்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 தொகுதிகளிலிருந்து வென்ற பெண் ஒரே ஒருவர். ஊராட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு உண்டு என்பது அரசமைப்புச் சட்டத்தின் உறுதி. தேர்தலே நடக்காவிட்டால் அந்த உறுதிக்கும் உயிர் இல்லை.

மக்கள் கூடும் மற்ற இடங்களும் ஒவ்வொன்றாகச் சுருங்கின. உணவு தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாகத் தொடங்கிய ஒன்றியப் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தன. அரசின் வேறு உதவி எதுவும் பெறாத குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. இந்தப் பணம் பெண்களுக்குத் தேவையானது, உரிமையானது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியே பணம் விழும்போது, வராதவர் தனியாகவே வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அலைகிறார். ரேஷன் கடை வரிசையில் நின்றபோது எடை குறைந்தால் நாலு பேர் சேர்ந்து குரல் எழுப்ப முடிந்தது. கணக்கில் பணம் ஏறவில்லை என்றால் யாரோடு சேர்ந்து கேட்பது? உதவி தனித்தனியாக வரும் காலத்தில், குறையைச் சேர்ந்து சொல்வதற்கான இடம் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இதை எல்லோருக்கும் புரியவைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் புதுச்சேரியில் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. எல்லாக் குடும்ப அட்டைகளுக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. வேகமான, நல்ல முடிவு. ஆனால், சுவர் இடிந்த வீட்டுக்கும் ஓடு நனைந்த வீட்டுக்கும் இழப்பு ஒன்றல்ல. எந்த வீட்டில் மாடு செத்தது, எந்தக் கர்ப்பிணியை அப்புறப்படுத்த வேண்டும், எந்த முதியவர் தனியாக இருக்கிறார், எந்தக் குடும்பத்தின் அட்டையே வெள்ளத்தில் போனது என்பதெல்லாம் தாலுகா அலுவலகத்தின் கோப்பில் இருக்காது. வாரந்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் தெருக் குழுவுக்கு இது மனப்பாடம். அந்த அறிவைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொள்ளும் முறையான ஏற்பாடு இருந்தால், அடுத்த வெள்ளத்தில் உதவி ஆளறிந்து போய்ச் சேரும்.

மறுப்புகளும் பதில்களும்

இந்த வாதத்துக்கு நியாயமான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு நேரத்தைப் பற்றியது. விடியற்காலையில் பால் கறந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வயலுக்கோ கட்டட வேலைக்கோ போய்த் திரும்பும் பெண்ணிடம் வாரம் ஒரு மணி நேரத்தைக் கேட்பது மற்றொரு சுமை இல்லையா? சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்டில் போகும் இளம் பெண்கள் எப்படி வருவார்கள்? சேமிப்பைக் கைபேசியிலேயே அனுப்பிவிடலாமே? சுமை என்பது உண்மை. அதைக் குறைக்க வழி தேட வேண்டும். நாளையும் நேரத்தையும் உறுப்பினர்களே முடிவுசெய்யட்டும். கைக்குழந்தையோடு வர இடம் இருக்கட்டும். பணத்தை வேண்டுமானால் கைபேசியில் அனுப்பட்டும். ஆனால், கூடுவதையே கைவிட்டால் மிஞ்சுவது ஒரு சேமிப்புக் கணக்கு மட்டும். கொல்கத்தா சோதனை காட்டியது இதைத்தான்: தொகை அதே தொகை, கூடியதன் எண்ணிக்கைதான் வேறுபாட்டை உண்டாக்கியது. பெண்களின் நேரத்தை உண்மையில் விழுங்குவது அவர்களது சொந்தக் கூட்டம் அன்று. அரசு விழாவுக்கும் அமைச்சர் நிகழ்ச்சிக்கும் பந்தலை நிரப்ப வரச்சொல்லும் அழைப்புகள்தான். அவற்றை நிறுத்தினாலே மாதத்தில் பல மணி நேரம் மிஞ்சும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. குழுக் கூட்டம் என்றால் தவணை வசூல்தானே, கட்ட முடியாத பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் கூனிக்குறுக வைப்பதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே இரண்டு வகைக் கூட்டங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. தனியார் சிறுகடன் நிறுவனங்கள், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுக்களை அமைத்து வாரத் தவணை வாங்குகின்றன. அங்கே பெண்கள் உட்காருவது பணத்தைக் கட்டுவதற்காக. வட்டி எவ்வளவு, கடன் யாருக்கு, தவணையைத் தள்ளிவைக்கலாமா என்பதில் அவர்களுக்குச் சொல் இல்லை. 2010இல் ஆந்திரத்தில் இந்த வகைக் கடன் குடும்பங்களை நெரித்தபோது, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. சுயஉதவிக் குழுவின் கூட்டம் அதற்கு நேர் மாறானது: பணம் உறுப்பினர்களுடையது, வட்டியை அவர்களே வைக்கிறார்கள், கஷ்டப்பட்டவருக்கு அவகாசம் கொடுக்கவும் அவர்களால் முடியும். சுயஉதவிக் குழுவும் வங்கிக் கடனின் அளவை மட்டுமே இலக்காக வைத்து ஓடினால், மெல்ல மெல்ல வசூல் கூட்டமாகவே மாறிவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் கடனை அளவுகோலாக்கக் கூடாது என்கிறோம்.

மூன்றாவது மறுப்பு அரசியல். குழுக்கள் கட்சிக்காரர்களின் கைக்குள் போய்விட்டன, ஊக்குநராக ஒருவரே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார், சேமிப்புப் பணத்தில் முறைகேடு நடக்கிறது என்று சொல்லப்படுகிறது. தலைமை மாறாத எந்த அமைப்பிலும் இது நடக்கும். இதற்கு மருந்து கூட்டத்தைக் குறைப்பதில் இல்லை. கூட்டத்தை ஒழுங்காக நடத்துவதில் இருக்கிறது. கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும் குழுவில் மறைப்பது கடினம். கூட்டம் நடத்தாமலே பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கும் குழுவில் எளிது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, அயல்கூட்டம் முதல் ஊராட்சி அளவிலான சங்கம் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வைத்துப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. உள்ளாட்சியோடு சேர்ந்து வேலை செய்கிறது. 2020 உள்ளாட்சித் தேர்தலில் அதன் உறுப்பினர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் வென்றார்கள். கேரளத்தால் சூழப்பட்ட மாஹே, புதுச்சேரியின் ஒரு பகுதிதான். மாஹேயின் எல்லையைத் தாண்டினால் தெரியும் நடைமுறையைப் புதுச்சேரி நிர்வாகம் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நான்காவது மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது. குழுக்கள் தெருவாரியாக அமைகின்றன. நம் ஊர்களில் தெரு என்றால் சாதி. ஊர்த் தெருக் குழுவும் காலனிக் குழுவும் தனித்தனியே கூடினால், பழைய பிரிவினையே புதிய பெயரில் தொடராதா? பத்து ரூபாய்கூடச் சேமிக்க முடியாத பரம ஏழையும், புலம்பெயர்ந்து வந்த தொழிலாளியின் மனைவியும் எந்தக் குழுவிலும் இல்லையே? இந்தக் குறை மெய்யானது. தெருக் குழுவோடு நின்றுவிட்டால் குறை தீராது. கிராம அளவிலான கூட்டமைப்பில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் இடம் உறுதியாக வேண்டும். தலைமை சுழற்சியில் காலனிப் பெண்களுக்கும் வர வேண்டும். கூட்டம் எல்லோரும் தயக்கமின்றி நுழையக்கூடிய பொதுக் கட்டடத்தில் நடக்க வேண்டும். ஏம்பலம் மையத்துக்குக் கதவைத் திறந்து வைப்பதே நிபந்தனையாக இருந்தது போல, அரசுக் கட்டடத்தையும் சுழல்நிதியையும் பெறும் கூட்டமைப்புகளுக்கும் இதையே நிபந்தனையாக வைக்கலாம். உறுப்பினர் அல்லாத பெண்களும் வந்து பேசும் பொதுக் கூட்டம் ஆண்டுக்கு நான்கு முறையாவது நடக்க வேண்டும்.

கடைசியாக, தேர்தல் நடக்காததை மூடிமறைக்கக் குழுக்களைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா என்ற ஐயம். மகளிர் குழுக்கள் இருக்கின்றனவே, ஊராட்சி எதற்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. குழு, உறுப்பினர்களின் அமைப்பு. ஊராட்சி, ஊரில் வாழும் அத்தனை பேரின் அமைப்பு. வரி போடவும் சாலை அமைக்கவும் சட்டம் அதிகாரம் கொடுத்திருப்பது ஊராட்சிக்கு. ஒன்று மற்றதன் இடத்தை எடுக்க முடியாது. அரியூருக்கு அருகிலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். ஒரு நாட்டோடு இணைவது என்ற அத்தனை பெரிய முடிவையே கொம்யூன்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் எடுத்த மண் இது. அதே கொம்யூனில் தெருக் குழாயைப் பற்றி முடிவெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லாமல் ஆண்டுகள் உருள்வது அந்த வரலாற்றுக்கே இழுக்கு.

செய்ய வேண்டியவை

செலவு அதிகம் பிடிக்காத சில காரியங்களை உடனே தொடங்கலாம். முதலாவதாக, குழுக்களின் தரத்தை மதிப்பிடும்போது கடன் தொகையைவிடக் கூட்டத்தின் ஒழுங்குக்கும், வருகைக்கும், எடுத்த தீர்மானங்களுக்கும் கூடுதல் எடை தர வேண்டும். குழுக்கள் குறித்துக்கொண்ட நாளிலும் நேரத்திலும் எந்தத் துறையும் அவர்களை வேறு நிகழ்ச்சிக்கு அழைக்கக் கூடாது என்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை சுற்றறிக்கை அனுப்பலாம். இரண்டாவதாக, மழையிலும் வெயிலிலும் கூடுவதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஓர் அறை வேண்டும். கட்டிவிட்டுப் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடம் இல்லாத ஊர் குறைவு. அவற்றின் சாவியைக் கூட்டமைப்பின் கையில் கொடுத்தால் போதும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. கிராம அளவிலான கூட்டமைப்பு நிறைவேற்றும் தீர்மானத்தைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் தேதியிட்ட ஒப்புகையோடு பெற்றுக்கொள்ள வேண்டும். முப்பது நாட்களுக்குள், ஏற்கிறோம், இப்போது முடியாது, எங்கள் துறைக்கு உரியதல்ல என்ற மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். தீர்மானத்துக்குப் பதில் வரும் என்று தெரிந்தால் கூட்டத்தின் கனமே மாறும். கணக்கு மட்டும் பேசியவர்கள் கால்வாயைப் பற்றிப் பேசுவார்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணைப் பற்றியும் பேசத் தொடங்குவார்கள். நிர்வாகத்துக்கும் இதில் லாபம் உண்டு. எந்த ஊரில் எது உடனடித் தேவை என்பதை, பதிவோடும் கையெழுத்தோடும் கொண்டுவந்து தரும் அமைப்பு வேறு எதுவும் அதனிடம் இல்லை.

இவற்றோடு உள்ளாட்சித் தேர்தலுக்கான தேதியும் வர வேண்டும். இடஒதுக்கீட்டுச் சிக்கலைத் தீர்ப்பது அரசின் பொறுப்பு; அதைக் காரணம் காட்டி ஒரு தலைமுறையின் வாக்குரிமையைத் தள்ளிவைக்க முடியாது. 2006க்குப் பின் வாக்களிக்கும் வயதை எட்டிய எந்தப் பெண்ணும் இங்கே தன் ஊராட்சிக்கு வாக்களித்ததில்லை. தேர்தல் வரும் நாளில், பொதுப்பணத்தை எண்ணவும், தேவையை வரிசைப்படுத்தவும், தீர்மானம் எழுதவும் பழகிய ஆயிரக்கணக்கான பெண்கள் அரியூரிலிருந்து பாகூர் வரை தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்கு இனிப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. அவர்கள் கேட்பது இரண்டு: போட்டியிடுவதற்கு ஒரு தேர்தல், அதுவரை எழுதிக் கொடுக்கும் தீர்மானத்துக்கு ஒரு பதில். இரண்டையும் மறுக்க எந்த அரசுக்கும் நியாயம் இல்லை.